பக்கத்துக் கட்டிலின் எண்

நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் ரம்ஸியா திரையை விலக்கிக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"நாகவள்ளி, ஆமிராவுக்குக் கொறஞ்சிருச்சு! நேத்து இருநூத்தி அறுவது, இன்னைக்கு நூத்தி நாப்பது."

"சாமி கண்ணத் தொறந்துருச்சுக்கா," என்று நாகவள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துபாயின் அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாட்களாக இருவருக்கும் அந்த எண்ணோடுதான் பொழுது விடிகிறது. அதன் பெயர் சி.ஆர்.பி.; உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்வது, குறைந்தால் நல்லது. இரண்டு பிள்ளைகளுக்கும் நிமோனியா முற்றிக் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. ரம்ஸியாவின் மகள் ஆமிராவுக்கு நாலு வயது, நாகவள்ளியின் மகன் விமலுக்கு ஐந்து. அவனுக்கு மட்டும் எண் இறங்கிக்கொண்டே வந்தது. நேற்று தொண்டைக் குழாயையும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னதை ரம்ஸியா காதில் வாங்கவே இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பார்ப்பதுபோல் பக்கத்துக் கட்டிலையே பார்த்தாள். வயிறு எரிந்தது. "நாளைக்குக் கொறஞ்சிரும்க்கா," என்று நாகவள்ளி தினமும் சொல்வாள். இவளுக்கென்ன, சொல்வாள் என்று ரம்ஸியா மனதுக்குள் கறுவுவாள். ஒருநாள் விமலுக்குக் காய்ச்சல் திரும்பியபோது அப்பாடா என்றிருந்தது. அதற்காகத் தொழுகையில் அழுதாள். மறுநாள் அவன் எண் இறங்கியதும் அழுததெல்லாம் மறந்துபோனது.

இன்று அவளுடைய முறை. சத்வா பகுதியில் தையல்கடை வைத்திருக்கும் கணவன் ராஜிக்குக்குப் போன் போட்டாள். "பாதியா கொறஞ்சிருச்சுங்க. அந்தப் பையனுக்குக்கூட ஒரே நாள்ல இவ்வளவு எறங்கல."

ராஜிக் வந்ததும் டாக்டர் அவனைத் தனியாக அழைத்துப் பேசினார். திரும்பி வந்தவன் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன சொன்னாங்க?"

"ஈரல் வேலை செய்யலையாம் புள்ள. ரத்தத்துல பாக்குற அந்தப் பொருள ஈரல்தான் உண்டாக்குமாம். அதுக்கு முடியாமப் போனதாலதான் கொறச்சுக் காட்டுதாம்."

"கொறஞ்சா நல்லதுதானே?"

அவன் போர்வையை இழுத்து மகளின் பாதத்தை மூடினான்.

சாயங்காலத் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்குக்குச் சற்று முன் ஆமிரா மூச்சடங்கி மௌத்தானாள். ராஜிக் காகிதங்களுக்காக ஓடினான். நர்ஸ் குழாய்களைக் கழற்றிவிட்டுப் போனதும், பிளாஸ்திரி ஒட்டியிருந்த கன்னத்தை ரம்ஸியா ஈரத்துணியால் துடைத்தாள். பசை போவதாக இல்லை.

நாகவள்ளி திரையைத் தாண்டி வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"விமலுக்கு இன்னைக்கு எவ்வளவு?" துடைப்பதை நிறுத்தாமல் ரம்ஸியா கேட்டாள். "காலைல நான் கேக்கவே இல்ல."

நாகவள்ளி தரையைப் பார்த்தாள். "ஏறிருச்சுக்கா. நூத்தித் தொண்ணூறு."

பொய். காலையில் திரையை விலக்கியபோதே கட்டிலில் தொங்கிய தாளை ரம்ஸியா பார்த்துவிட்டாள். முப்பத்தெட்டு. பார்த்ததால்தான் கேட்கவில்லை. இப்போதும், மகளின் கன்னத்தில் கை இருக்கும்போதும், அந்த முப்பத்தெட்டு தன் பிள்ளைக்கு வேண்டும் என்றிருந்தது.

திரைக்குப் பின்னால் காலி ஜூஸ் டப்பாவை விமல் உறிஞ்சும் சத்தம் கரகரவென்று கேட்டது. நாகவள்ளி பதறித் திரையை விலக்கிக் கையைக் காட்டினாள். சத்தம் நின்றது.

"நாளைக்குக் கொறஞ்சிரும்," என்றாள் ரம்ஸியா. பிறகு, "அவன ஒண்ணும் சொல்லாத. குடிக்கட்டும்."

துணியை மறுபடியும் நனைத்துப் பிழிந்தாள்.