பிரிபடாத பாகம்

சிதம்பரத்துக்கு வடக்கே, கடலூர் போகும் பழைய ரோட்டில், ‘தில்லை சென்ட்ரல்’ என்று மூன்று மாடியில் ஒரு மால் இருந்தது. பதினோரு வருஷம் நின்ற கட்டடத்துக்கு வரலாறு ஒரு கேடா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். பரங்கிப்பேட்டை அப்துல் ஹக் பாய்க்கு அந்தப் பதினோரு வருஷம்தான் வாழ்க்கை. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் சம்பாத்தியம்.

மாலைக் கட்டியவர் காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில் முதலாளி உத்திராபதி. பேத்தி காதுகுத்துக்குப் பட்டு எடுக்க மெட்ராஸ் போன மனுஷன், அங்கே ஒரு மாலுக்குள் நுழைந்து வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. “நம்ம ஊருக்கு மட்டும் என்னா கொறச்சல்?” என்று கேட்டு, ரைஸ்மில் கட்டிய மேஸ்திரியையே கூப்பிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார். மாலுக்கு ஜன்னல் வைக்க மாட்டார்கள் என்று அந்த மேஸ்திரிக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்குக் கடை பெரிய பெரிய ஜன்னல். நெல்லைக் கொட்டினால் இரண்டே நாளில் காய்ந்துவிடும், அப்படி ஒரு காற்று. எஸ்கலேட்டர் ஒன்றே ஒன்று, அதுவும் ஏறுவதற்கு மட்டும். “ஏறத்தான் கஷ்டம், எறங்குறதுக்கு என்னா மிஷினு?” என்பது முதலாளியின் தீர்ப்பு.

இரண்டாயிரத்துப் பதினாலு தை மாதம் திறப்பு விழா. வாசலில் குத்துவிளக்கு, பூசணிக்காய், சூடம். தரை வேறு பளபளவென்று மின்னியது. போதாதா நம் ஜனத்துக்கு? வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். சாயங்காலத்துக்குள் வாசலில் செருப்பு மலை. உத்திராபதியே மைக்கைப் பிடித்து, “செருப்போட வரலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டோம், செருப்போட வரலாம்” என்று கெஞ்சினார். ஒருத்தர் கேட்கவில்லை.

அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர் அப்துல் ஹக். ஷார்ஜாவில் ஒரு மாலில் இருபத்திரண்டு வருஷம் தள்ளுவண்டி சேகரித்தவர் அவர். ஜனங்கள் விட்டுப்போகும் வண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகி, ரயில் மாதிரி தள்ளிக்கொண்டு வருவது வேலை. போகும்போதும் வரும்போதும் கடைகளுக்குள் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பார். ஒரு நாளாவது நாமும் இப்படி உட்கார வேண்டும் என்று நினைப்பார். அப்படிச் சிரித்தவர்தான், இரண்டாவது மாடி ஏறி, 214ஆம் நம்பர் ஷட்டரைத் தூக்கியதும், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். அது சொந்தக் கடை. பர்தா, ஷால், அத்தர் விற்கிற கடை.

அந்தக் கடையைக் கிரயம் செய்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். பத்திரம் எழுதியவர் சிதம்பரம் தட்சிணாமூர்த்தி. மூச்சு விடாமல் படித்துக்கொண்டே வந்தவர், “மேற்படி கடையும், அதற்குண்டான அடிநிலத்தில் பிரிபடாத பாகமும்” என்ற இடத்துக்கு வந்தார். அப்துல் ஹக் பக்கத்தில் இருந்த மனைவி சர்புன்னிசாவை முழங்கையால் இடித்தார்.

“கேட்டியா? பிரிபடாத பாகமாம். இனிமே பிரியறதுங்கறதே கெடையாது. பத்திரத்துலயே எழுதிட்டாங்க.”

சர்புன்னிசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். காரணம் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் லீவில் வந்தது பதினோரு தடவை, தடவைக்கு நாற்பது நாள். ஒன்றேகால் வருஷம்கூடச் சேர்ந்து வாழாத புருஷன் பெண்டாட்டி அவர்கள்.

ஊரோடு வந்த பிறகும் வீட்டில் அது வாய்க்கவில்லை. பரங்கிப்பேட்டை வீட்டில் மகன் ஆசிக், மருமகள் தஹ்ஸீன், பிள்ளைகள், வருவோர் போவோர். அவருக்கு முன்கட்டு, அவளுக்கு அடுப்படி, நடுவில் ஒரு திரை. கடையில்தான் இரண்டு ஸ்டூல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. முதல் மாதம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. போனில் மணிக்கணக்காகப் பேசியவர்கள் நேரில் ‘ம்’ கொட்டினார்கள். மூன்றாவது மாதம் ஷால்களை எந்த வரிசையில் தொங்கவிடுவது என்று முதல் சண்டை வந்தது. சண்டை முடிந்ததும் சர்புன்னிசாவுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

“போன்ல உங்ககூட ஒரு சண்டகூடப் போட்டதில்ல. ஆரம்பிக்கறதுக்குள்ள கார்டு தீந்துடும்” என்றாள்.

அதற்குப் பிறகு தினம் ஒரு சண்டை. ஜன்னலுக்கு நேரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊராட்சித் தண்ணித் தொட்டி. அதைப் பார்த்தபடி இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். அவர் டீயை ஆற்றி ஆற்றித்தான் குடிப்பார் என்பதே அவளுக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது.

மால் என்னவோ ஆரம்பத்திலிருந்தே தேய்பிறைதான். அடுத்த வருஷமே பெருமழை; பேஸ்மென்ட் பார்க்கிங்கில் விரால் பிடித்தார்கள். மூன்றாவது மாடியில் ‘தியேட்டர் விரைவில்’ என்று தொங்கிய போர்டு வெளுத்துப்போனதே தவிர தியேட்டர் வரவில்லை. கொரோனா வந்தது, கரண்ட் பில்லுக்குப் பயந்து எஸ்கலேட்டரை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு புது நாலுவழிச்சாலை ஊருக்கு வெளியே சுற்றிக்கொண்டு போனது, பாதி பஸ்ஸும் அதோடு போனது. கீழ்த்தளத்து சூப்பர் மார்க்கெட் போனது. உத்திராபதியும் போய்ச் சேர்ந்தார். கடைசியில் இரண்டாவது மாடியில் விளக்கு எரிந்தது ஒரு கடையில்தான். ஏறாத எஸ்கலேட்டரில் படிப்படியாக ஏறி, மூச்சு வாங்கி, இரண்டு பேரும் தினம் ஷட்டரைத் தூக்கினார்கள்.

இந்த நிலையில்தான் போன வருஷம் தபால் வந்தது. உத்திராபதியின் மகன்கள் சென்னை கம்பெனி ஒன்றுக்கு இடத்தைக் கொடுக்கிறார்கள், கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். கடைக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சம்மதித்துவிட்டார்கள்.

“என்னங்க எழுதியிருக்கு?” என்றாள் சர்புன்னிசா.

“நீ ஏன் பயப்படுற? நம்மளுது பிரிபடாத பாகம். யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறுநாள் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். தட்சிணாமூர்த்திக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரே அதே மேஜை. பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். தன் எழுத்தைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைகூடப்பட்டார். அப்துல் ஹக் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

“பிரிபடாத பாகம்னு நீங்கதான எழுதுனீங்க, ஐயா?”

“ஆமா பாய்.”

“அப்போ என்னைய அதுலேருந்து பிரிக்க முடியாதுல்ல?”

தட்சிணாமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். “பாய், பிரிபடாதன்னா பிரிக்க முடியாதுன்னு அர்த்தம் இல்ல. இன்னும் பிரிக்கலன்னு அர்த்தம். எது ஒங்களுது, எது மத்தவங்களுதுன்னு கோடு போடல.”

“அப்போ எதுதான் என்னுது?”

“எல்லா எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். ஒரு கைப்பிடி மண்ண அள்ளுனா அதுலயும் ஒங்க பங்கு இருக்கும், மத்தவங்க பங்கும் இருக்கும். தனியா இதுதான்னு காட்ட முடியாது. அதுக்கு உண்டான பணத்த பேங்க்ல போட்டுடுவாங்க.”

“மண்ண விடுங்க ஐயா. கடை என்னுதுல்ல? ரெண்டாவது மாடியில இருக்கே?”

“மாடி இருந்தாத்தான பாய் ரெண்டாவது மாடி?”

அப்துல் ஹக் பத்திரத்தை மறுபடி கவரில் போட்டார். பிறகு, “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“நீங்க கேக்கலயே பாய். நீங்களும் சிரிச்சீங்க, ஒங்க வீட்டம்மாவும் சிரிச்சாங்க. நல்ல காரியத்துல நாம எதுக்குக் குறுக்கன்னு விட்டுட்டேன்.”

அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை. நல்ல மனுஷன். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். அப்துல் ஹக் ஆற்ற மறந்து வாயைச் சுட்டுக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியபோது சர்புன்னிசா மடித்த ஷாலையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னா சொன்னாரு?”

“பிரிபடாதன்னா, இன்னும் பிரிக்கலன்னு அர்த்தமாம்.”

அவள் ஷாலைக் கீழே வைத்தாள். எழுந்து போய் இரண்டாவது ஸ்டூலை அவர் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவர் அலையாத இடமில்லை. கலெக்டரிடம் மனு கொடுத்தார். கடலூரில் ஒரு வக்கீலைப் பார்த்தார். வக்கீல், “ஒங்க ஒருத்தருக்காக மத்தவங்க ஏன் பாய் நிக்கணும்?” என்றார். அதற்குப் பதில் இருந்தது, ஆனால் வக்கீலிடம் சொல்கிற பதில் இல்லை. எங்களுக்கு உட்கார வேறு இடமில்லை என்று கோர்ட்டில் எப்படிச் சொல்வது? வீடு இருக்கிறதே என்பார்கள். மகனும் அதைத்தான் சொன்னான்: “விடுங்க வாப்பா. ரெண்டு பேரும் வீட்டுல நிம்மதியா ரெஸ்ட் எடுங்க.”

கடையைக் காலி செய்து கொடுத்துவிட்டு அவர்கள் ரெஸ்ட் எடுத்தார்கள். அவர் முன்கட்டில், அவள் அடுப்படியில். திரைக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால் இவருக்குக் கேட்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் போன் போட்டார். அடுப்படியில் அவள் போன் அடித்தது. எடுத்து, “என்னங்க?” என்றாள். “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்றார். தஹ்ஸீன் சிரித்தாள். அதற்கப்புறம் அவர் அப்படிக் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து சர்புன்னிசாவைக் கண் டாக்டரிடம் காட்ட சிதம்பரம் போனார்கள். திரும்பும்போது கண்டக்டர், “மால் எறங்குறவங்க யாரு?” என்று குரல் கொடுத்தார். இறங்க வேண்டிய இடம் இன்னும் தூரம். ஆனாலும் இருவரும் எழுந்துவிட்டார்கள். எழுந்த பிறகு உட்கார வெட்கப்பட்டு இறங்கினார்கள்.

தகர வேலிக்குள் வெறும் மண். ஒரு மூலையில் கம்பிக் குவியல், இன்னொரு மூலையில் லாரி. அப்துல் ஹக் நினைப்பில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தார்.

“பாய், பாய்! செருப்பப் போடுங்க, ஆணி கெடக்கு” என்று வாட்ச்மேன் ஓடி வந்தான். “என்னா வேணும்?”

“இங்க என் எடம் இருக்குப்பா.”

வாட்ச்மேன் சுற்றிலும் பார்த்தான். “எங்க?”

அப்துல் ஹக் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, வெறும் ஆகாயத்தில், நாலைந்து ஆள் உயரத்தில் ஓரிடத்தைக் காட்டினார்.

சர்புன்னிசா எதிரே தண்ணித் தொட்டியைப் பார்த்தாள். அவர் காட்டிய இடத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய முழங்கையைப் பிடித்து, கையைக் கொஞ்சம் இடது பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“அங்க இல்லங்க. நம்ம ஜன்னல் தொட்டி ஏணிக்கு நேரா வரும். இங்க.”

வாட்ச்மேனும் அண்ணாந்து பார்த்தான். கொஞ்ச நேரம் மூன்று பேரும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பாத்தாச்சுல்ல பாய்?” என்றான் அவன், குரலைத் தணித்து. “லாரி எடுக்கறாங்க. கொஞ்சம் நவுந்துக்குங்க.”

அவர்கள் நகர்ந்துகொண்டார்கள்.