செத்தவர் வைத்த கையெழுத்து

இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். பஸ் நிலையத்தடியில் போன் பேச, படிவம் அனுப்ப என்று கொமினிகேசன் கடை வைத்திருக்கும் ரிஷிகேசனுக்குச் சசிகரன் கொடுக்க வேண்டிய கடன் அவ்வளவு. அதைக் கொடுத்தால்தான் பொலிஸ் நற்சான்றிதழ் கைக்கு வரும். அது வந்தால்தான் வெள்ளிக்கிழமையோடு முடிகிற துறைமுகப் பாஸைப் புதுப்பிக்கலாம். பாஸ் இல்லாதவனை வாசல் காவல்காரன் உள்ளே விடமாட்டான். பதினெட்டு வருடம் சீமெந்து மூட்டை சுமந்த தோளுக்கு வேறு தொழில் தெரியாது.

போன வருடத்துச் சான்றிதழ் பழசாகிவிட்டது, புதிது கொண்டு வா என்று துறைமுகத்தில் சொன்னதும் அந்தக் கடைக்குத்தான் போனான். எல்லாம் இப்போது ஒன்லைன். ரிஷிகேசன் கேட்கக் கேட்க இவன் சொன்னான், அவன் தட்டினான். அரசாங்கக் கட்டணத்தையும் கடைக் கூலியையும் அன்றைக்கே எண்ணிக் கொடுத்தாயிற்று. மூன்று கிழமை கழித்துப் போனபோது ரிஷிகேசன் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, உங்கட பேரில ஒரு கேஸ் நிக்குது. ரெண்டாயிரத்தெட்டில பிடிச்சவை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சசிகரன் படிவம் நிரப்பும்போது வாய்தவறிச் சொன்ன கதை அது. யுத்த நேரத்து ஆமிச் சுற்றிவளைப்பில் ஊரையே ஏற்றிப் போய், ஒரு இரவு வைத்திருந்து, காலையில் விட்டார்கள். வழக்குமில்லை, விசாரணையுமில்லை. ஆனாலும் அந்த இரவின் பயம், போன வருடம் சான்றிதழ் சுத்தமாக வந்ததைக்கூட அவனை நினைக்க விடவில்லை.

"கொழும்பில ஒராளைப் பிடிச்சு அதைத் துடைக்கலாம். நாப்பதாயிரம் போகும். எனக்கு இதில ஒரு சதமும் இல்லை, அண்ணை."

மனைவி லோஜனாவின் தோடு அடைவுக்குப் போனது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கட்டினான். மீதிக்கு ரிஷிகேசனின் கடன் கொப்பியில் கையெழுத்து வைத்தான். முப்பத்தொன்பது வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துப் பழகியவன் அவன். கையெழுத்து வைக்கக் கிடைக்கிற இடமெல்லாம் அவனுக்குப் பெருமைதான். அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் மட்டும் வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் துறைமுக வாசலுக்கு எதிரே அவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, தபால்காரர் அப்துல் மஜீத் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன தம்பி, முகம் வாடிக் கிடக்கு? கொழும்புத் தபாலும் வந்திட்டு. பிறகென்ன கவலை?"

"ஆருக்கு வந்தது, மஜீத் நானா?"

"உங்களுக்குத்தான். போன செவ்வாய்க்கிழமை, றெஜிஸ்டர் தபால். கொமினிகேசன் கடை விலாசம் போட்டிருந்தது, அங்கதான் குடுத்தன். கையெழுத்தும் வாங்கியிருக்கு."

மஜீத் பையிலிருந்து ஏட்டை எடுத்துப் புரட்டிக் காட்டினார். சசிகரன் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். மு... ரு... கே... சு.

அது அவனுடைய தகப்பனின் பெயர். தகப்பன் பெயர் முன்னுக்கு வருவது எங்கள் வழக்கம். உறையில் முருகேசு சசிகரன் என்று இருந்திருக்கும். அவசரத்தில் முதலில் நின்ற பெயரைக் கிறுக்கிவிட்டான் கடைக்காரன்.

சசிகரனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அது உதட்டை விட்டுப் போகுமுன் உடம்பெல்லாம் கொதித்தது.

"நானா, அப்பர் செத்துப் பதினொரு வருசம். உயிரோட இருக்கேக்கை கைநாட்டுத்தான். மேல போய்த்தான் எழுத்துப் பழகியிருக்கிறார் போல."

மஜீத்தின் முகம் கறுத்தது. "அடையாள அட்டை பாக்காமக் குடுத்தது என்ர பிழை. ஏறுங்க பின்னால."

கடையில் சனம் நின்றது. குவைத்துக்கு வேலைக்குப் போக இருந்த கமலேஸ்வரி கதிரை நுனியில் இருந்தாள். அவளுக்கும் ஏதோ கேஸாம்; அவளுக்கும் நாற்பதாயிரமாம்.

"ரிஷி, என்ர அப்பர் இஞ்ச வந்து போனவராம். எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டான் சசிகரன்.

"என்ன அண்ணை, வெயிலில கூட நேரம் நிண்டதோ?"

"ஓம், பதினெட்டு வருசம் நிண்டனான்."

மஜீத் ஏட்டை மேசையில் விரித்தார். "இதை ஆர் வெச்சது எண்டு நீ சொல்லுறியா, நான் தபாலதிபரிட்டச் சொல்லட்டா?"

ரிஷிகேசன் மேசை லாச்சியை மெல்ல இழுத்தான். உள்ளே ஒன்பது உறைகள் கிடந்தன. எல்லாம் பிரித்துப் பார்த்தவை. கமலேஸ்வரி தன்னுடையதைத் தேடி எடுத்தாள்.

"இதுக்கு நான் கறவை மாட்டை வித்தனான், தம்பி," என்றாள். அவள் சத்தம் போடவில்லை. அங்கு நின்றவர்களுக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

சசிகரனின் தாளை மஜீத் வாங்கி ஆங்கிலத்தை வாசித்தார். "உங்கட பேரில பாதகமா ஒண்டும் இல்லை எண்டு போட்டிருக்கு. கேஸும் இல்லை, கோசும் இல்லை."

"அண்ணை, வெளியில கதைக்காதேங்கோ," என்றான் ரிஷிகேசன். "எனக்கும் கடைக் கடன் இருக்கு. எல்லாரும்தானே அப்பிடி இப்பிடிச் செய்யினம்."

"பொலிசே என்னைக் கேஸ் இல்லாதவன் எண்டு எழுதித் தந்திருக்கு. நீதானடா ரெண்டு கிழமையா என்னைக் கேஸ்காரனாக்கி வைச்சிருந்தனீ. லோஜனான்ர தோட்டுக் காசை முதல்ல வை. இந்த அக்கான்ரையையும் வை. பிறகு அந்தக் கொப்பியைத் தா."

காசு மேசைக்கு வந்தது. கொப்பியும் வந்தது. சசிகரன் தன் பக்கத்தை முதன்முறையாக மேலேயிருந்து வாசித்தான். 'கைமாத்தாக வாங்கிய காசு' என்று எழுதியிருந்தது. கேஸைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவன் சனத்தின் பக்கம் திரும்பினான். "எழுத்துத் தெரியாதது வெக்கமில்லை. தெரிஞ்சும் வாசிக்காமல் கையெழுத்து வைச்சன் பாருங்கோ, அதுதான் வெக்கம். எங்கட பயத்தில காசு பாக்கிறது பச்சைக் களவு. எங்களுக்கு உரித்தான கடதாசிக்குக் கட்டணத்துக்கு மேல ஒரு சதமும் குடுக்காதேங்கோ. படிவத்தில எங்கட விலாசத்தையும் போன் நம்பரையும் போடச் சொல்லுங்கோ. வாசிக்க ஏலாட்டி, வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. நான் பின்னேரம் பொலிசில முறைப்பாடு குடுக்கிறன். என்ர கையாலதான் எழுதுவன்."

பிறகு பேனையை எடுத்து இருபத்தேழாயிரத்து ஐந்நூறைக் குறுக்கே வெட்டினான். அதற்குக் கீழே, கோணல் எழுத்தில், 'இல்லாத கேஸுக்கு இல்லாத கடன்' என்று எழுதினான். எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தான்: மு. சசிகரன்.