டிரம்பெட்டுக்கு வைத்த தண்ணீர்

மெழுகு உருளைக்குள் இருந்து டிரம்பெட் ஊதியவன் ஒரு பாட்டுக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான். நைனார்பாளையத்தில் இதற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை. போர்வெல் வற்றிக் கிடந்த வருஷம், இத்தனை தண்ணீர் எங்கே கிடைக்கிறது என்றுதான் கேட்டார்கள். வயிறு எரிந்தது வெங்கடேசனுக்கு மட்டும். அவனும் டிரம்பெட்காரன்தான். கள்ளக்குறிச்சி பேண்டு செட்டோடு போய், கல்யாண ஊர்வலத்தில் உதடு வீங்க ஊதிவிட்டு வருவான். பெண்டாட்டி செந்தமிழ்ச்செல்வி ஒரு நாளாவது தண்ணி வேணுமா என்று கேட்டிருப்பாளா? மாட்டாள்.

அந்த உருளை ஓடும் பழைய பாட்டுப் பெட்டியை வாங்கி வந்ததும் அவனேதான், யாரிடம் போய் அழுவது! கல்வராயன் மலையில் இடித்த பழைய பங்களாவிலிருந்து காயலான் கடைக்கு வந்த சாமான் அது. சாவி கொடுத்தால் உருளை சுழலும், ஊசி உரசும், நூறு வருஷத்துக்கு முந்தைய ஊதல் தகரப் புனல் வழியே வரும். முதல் பாட்டிலேயே செந்தமிழ்ச்செல்வி ஒரு சொம்பைப் புனலின் வாயருகே வைத்தாள். தண்ணீர் மடமடவென்று இறங்கியது.

“இன்னாடி இது? நான் ஒருத்தன் இங்க குந்திக்கினு இருக்கேன்!” என்றான் வெங்கடேசன்.

“நீ சும்மா இரு. அவரு ஊதி ஊதித் தொண்ட காஞ்சி போயிருக்காரு.”

கட்டியவன் நீயாம், டப்பாவுக்குள் இருப்பவன் அவராம்!

பெட்டியை உடைத்தால் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அப்போதுதான் காயலான் கடை தீனதயாளன் விற்கும்போது சொன்னது ஞாபகம் வந்தது: “ஜாஸ்தி போடாதீங்க, ஒவ்வொரு வாட்டியும் ஊசி மெழுக சுரண்டிடும்.” அவள் கரும்பு வெட்டப் போனதும் சாவி கொடுக்க ஆரம்பித்தான். தேயட்டும் சனியன் என்று பொழுதுக்கும் ஓட்டினான். அடுத்த கரும்பு வெட்டு வருவதற்குள் ஊதல் இருமலாகி, இருமல் வெறும் மூச்சாகி, உருளை மொழுமொழுவென்று ஆகிவிட்டது. செந்தமிழ்ச்செல்வி உலை வைக்காமல் அழுதாள். வெங்கடேசன் பரோட்டா வாங்கித் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினான்.

ஆனால் அந்த ஆளை உலகத்திலேயே அதிகம் கேட்டவன் தான்தான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் அவன் தெருவிலேயே வந்த கல்யாண ஊர்வலத்தில் சினிமாப் பாட்டுக்கு விரல் வைத்தான். வந்தது உருளைப் பாட்டு. நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை. மாப்பிள்ளை கார்கூட நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு செந்தமிழ்ச்செல்வி சொம்போடு ஓடி வந்தாள். அவ்வளவு வருஷத் தாகத்தோடு வெங்கடேசன் டிரம்பெட்டை இறக்கி வாயைத் திறந்தான்.

அவள் சொம்பை டிரம்பெட்டின் அகன்ற வாயருகே பிடித்தாள். தண்ணீர் மடமடவென்று இறங்கியது.

“மெதுவா குடிங்க,” என்றாள்.

இப்போதெல்லாம் ஊர்வலத்துக்குக் கிளம்பும்போது வெங்கடேசனே இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொள்கிறான். பெரிய பாட்டில் அவருக்கு.