மாப்பிள்ளை டப்பாவில் ஏறிய சூடு

அந்தத் தொழிற்சாலையில் செய்கிற மண் தோண்டும் வண்டி ஒன்று முற்றத்தில் நகர்ந்தால் பக்கத்துத் தெரு வீடுகளில் தட்டு உருளும். அவ்வளவு கனம். அப்பேர்ப்பட்ட வண்டிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டு, காற்றில் காயட்டும் என்று விட்டால் ஊர்த் தூசியெல்லாம் அதன்மேல் குடியேறிவிடும். அதற்காகவே ஒரு ஓவன் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டையே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தலாம். காகிதத்தில் அதற்கு என்னென்னமோ பெயர். வேலை செய்கிறவர்கள் வாயில் அது சூளை. அதைப் பற்றவைத்து அணைப்பவர் சூளைக்காரர்.

சூளைக்காரர் காலை ஒன்பது மணிக்கு அதைப் பற்றவைப்பார். பெயிண்ட் அடித்த முதல் வண்டி சூளைக்கு வந்து சேர மதியம் ஒன்றாகிவிடும். கழுவ வேண்டும், துரு சுரண்ட வேண்டும், அடிப் பூச்சு, மேல் பூச்சு என்று அதற்கு ஆயிரம் அலங்காரம். சூளை சூடேற அரை மணி நேரம் போதும். அப்படியானால் ஒன்பது மணிக்கே எதற்கு நெருப்பு?

டப்பாவுக்கு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் சூளைக்காரர் தன் சாப்பாட்டு டப்பாவை உள்ளே வைத்து எடுத்தார். மறுநாள் பெயிண்ட் அடிப்பவர் ஒன்று கொடுத்தார். அதற்கடுத்த வாரம் வெல்டிங் ஆட்கள். இப்போது தள்ளுவண்டி ஒன்றில் நாற்பத்திரண்டு டப்பாக்கள் ஊர்வலமாக உள்ளே போய், பன்னிரண்டரைக்கு ஆவி பறக்க வெளியே வரும். எதை எங்கே வைப்பது என்பது அவருக்கு அத்துப்படி. பல் கூசுகிற கிரேன்காரர் டப்பா கதவோரம். வெல்டிங் ஆட்களுக்கு நாக்கு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. அவர்கள் டப்பா அனல் காற்று வருகிற வாய்க்குப் பக்கத்தில். இதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. யாரும் வெளியே சொல்லவுமில்லை.

இப்படிச் சுகமாக ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் மாப்பிள்ளை வந்து வேலைக்குச் சேர்ந்தார். சூளைக்காரரின் ஒரே மகளைக் கட்டி, அவர் வீட்டிலேயே குடியிருப்பவர். படித்தவர், மெலிந்தவர், எதைப் பார்த்தாலும் மீட்டர் வைக்கத் துடிப்பவர். தொழிற்சாலை விடுகிற புகையையும் எரிக்கிற எரிபொருளையும் குறைப்பதற்கென்றே முதலாளியம்மா அவரை எடுத்திருந்தார். ஆறு மாதம் கெடு. அதற்குள் எரிவாயுச் செலவில் கால்வாசி குறைய வேண்டும். குறையாவிட்டால் போய் வரலாம்.

மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. சோப்புத் தண்ணியும் தூரிகையுமாகக் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாய்களைத் தடவித் தடவி, நுரை வந்த இடமெல்லாம் ஓட்டையை அடைத்தார். பிறகு முற்றத்துக்குப் போனார். அங்கே சோதனைக்கு நின்ற வண்டிகளின் இன்ஜினை ஓடவிட்டுவிட்டு ஓட்டுநர்கள் ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கதைக்கு எதுக்குண்ணே டீசல்? அணைச்சிட்டுப் பேசுங்க. கதையும் நல்லாக் காதுல விழும்" என்றார். அவர்களுக்கே அது நியாயமாகப் பட்டது.

கரண்டு குறைந்தது. டீசல் குறைந்தது. எரிவாயு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஐந்தாவது மாதம் முடிகிற நேரத்தில் மாப்பிள்ளை, மணிக்கு மணி எரிந்த எரிவாயுவைக் கோடாக வரைந்த ஒரு காகிதத்தோடு சூளைக்கு வந்தார்.

"மாமா, இந்தக் கோட்டைப் பாருங்க. ஒன்பதுல இருந்து பன்னெண்டரை வரைக்கும் ஒரு மேடு. வண்டியே உள்ள இல்ல. ஆனா எரியுது. இது என்ன மேடு?"

சூளைக்காரர் சூளைக் கதவைத் தட்டிக் காட்டினார். "சூடேறணும்ல மாப்ள. எவ்வளவு பெரிய உடம்பு அதுக்கு."

"மூணரை மணி நேரமா மாமா?"

"வயசாயிடுச்சு மாப்ள. எனக்கே காலைல எந்திரிச்சு முட்டி மடங்க மூணு மணி நேரமாகுது."

மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டு குறித்துக்கொண்டார். பின்னால் நின்ற பெயிண்ட்காரர், எப்போதும் காது மடல்வரை மஞ்சளாக இருப்பதால் மஞ்சளார் என்று பெயர் வாங்கியவர், சிரிப்பை அடக்க மாட்டாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளை போனதும், "யோவ், நாப்பத்திரண்டு வயித்தைப் பாக்குறதா, உன் மருமகனைப் பாக்குறதா? சீக்கிரம் முடிவு பண்ணு" என்றார்.

முடிவு பண்ணுவதுதானே கஷ்டம். நாற்பத்திரண்டு என்பதும் பொய். நாற்பத்து மூன்று. ஏனென்றால் மாப்பிள்ளை டப்பாவும் சூளையில்தான் இருந்தது.

தினமும் மகள் இரண்டு டப்பா கட்டித் தருவாள். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று புருஷனுக்கு. பழைய ஜன்னல் திரையை வெட்டி அவளே தைத்த துணிப் பை. இரண்டையும் சூளைக்காரர்தான் சுமந்து வருவார். ஆபீஸுக்கு டீ கொண்டுபோகும் டீ அக்கா, மாப்பிள்ளை டப்பாவைப் பையில் போட்டுச் சரியாகப் பன்னிரண்டரைக்கு அவர் மேசையில் வைத்துவிடுவாள். முதல் நாளே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், "எட்டு மணிக்குக் கட்டினது, மதியம் நாக்கைச் சுடுதே, எப்படிம்மா?" என்று கேட்டிருக்கிறார். மகளும், "எல்லாம் என் கைராசிங்க" என்று சொல்லிவிட்டாள். பாராட்டு வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்தக் கைராசிதான் இப்போது வேலை காட்டியது. மேட்டுக்குக் காரணம் தேடி மண்டை காய்ந்துபோன மாப்பிள்ளை, சூளையின் சுவர் வழியாகச் சூடு ஒழுகுகிறது என்று முடிவு கட்டினார். ஒழுகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்தபடி டப்பாவைத் திறந்தவர், ஆவி முகத்தில் அடிக்கவும் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். அன்று மாலை மாமனார் வீட்டுக் கூடத்தில் செருப்பைக் கழற்றுமுன்பே சொன்னார்.

"மாமா, சூளைக்கே பை தைக்கப் போறோம்!"

"பையா?"

"இந்தத் திரைத் துணில. நாலரை மணி நேரம் சூட்டைப் பிடிச்சு வெக்குது மாமா! முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அவங்க மேசையிலயே டப்பாவை வெச்சு, சூட்டை அளந்து எழுதிட்டு, பன்னெண்டரைக்குத் திரும்ப அளக்கப் போறோம். சூடு நின்னா சூளை முழுக்கத் துணி."

"நிக்கலேன்னா மாப்ள?"

"நிக்கலேன்னா நான் கொடுத்த மத்த கணக்கெல்லாம் இதே லட்சணம்தான்னு எடுத்துப்பாங்களாம். மூட்டையக் கட்ட வேண்டியதுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அது நடக்கவே நடக்காது என்கிற சிரிப்பு.

மகள் கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவைப் பார்த்துத் திருதிருவென விழித்தாள். மாப்பிள்ளை கை கழுவப் போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"அப்பா, ஏதாவது பண்ணுங்க."

"நீதானே கைராசின்னே?"

"நீங்கதானே உள்ள வெச்சீங்க?"

"சரி, சரி. இன்னொரு டப்பா இதே மாதிரி இருக்கா?"

இருந்தது. பையும் ஒரே திரையில் வெட்டியதுதான்.

மறுநாள் முதலாளியம்மா அறையில், எட்டு மணிக்குக் கட்டிய டப்பாவைத் திறந்து வெப்பமானியைச் சொருகினார்கள். அறுபத்து நான்கு. முதலாளியம்மாவே வெள்ளைப் பலகையில் எழுதி, பையின் வாயைத் தன் கையால் முடிந்து, மேசை ஓரத்தில் வைத்தார். ஒன்பது மணிக்குக் கீழே சூளையில் இரட்டைப் பிள்ளை மாதிரி இன்னொரு டப்பா உள்ளே போனது. பன்னிரண்டு இருபதுக்கு டீ அக்கா தட்டோடு மேலே போவாள். தட்டுக்கு அடியில் சூடான டப்பா. அதை வைத்துவிட்டு ஆறின டப்பாவை எடுத்துவர வேண்டியது. திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான்.

ஆனால் இருபத்திரண்டு வருஷமாக எந்த டப்பாவை எங்கே வைக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனுஷனுக்கு அன்றைக்குப் பார்த்து ஒரு இடமும் பிடிக்கவில்லை. வழக்கமாக மாப்பிள்ளை டப்பாவுக்கு நடு வரிசை. அங்கே வைத்தார். 'மாடி ஏறுறதுக்குள்ள ஆறிடுச்சுன்னா?' என்று எடுத்து வெல்டிங் ஆட்கள் வரிசையில் வைத்தார். 'டீ அக்கா மெதுவா நடப்பாளே?' என்று அதையும் தாண்டி, அனல் வாய்க்கு நேர் எதிரில், முந்தின நாள் வண்டி நின்று பெயிண்ட் சொட்டின இரும்புப் பலகையின்மேல் வைத்தார். மகள் வாழ்க்கை அல்லவா!

மஞ்சளார் எட்டிப் பார்த்து, "யோவ், அங்க வெச்சா டப்பாவே உருகும்யா" என்றார்.

"உருகட்டும். ஆறக் கூடாது."

பன்னிரண்டு இருபதுக்கு முதலாளியம்மா போனில் யாரையோ திட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். டீ அக்கா வேலையைக் கச்சிதமாக முடித்தாள். கைதான் பொறுக்க முடியாமல் முந்தானையைச் சுற்றிக்கொண்டாள். பன்னிரண்டரைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். சூளைக்குத் துணி சுற்றப் போகிற விஷயமானதால் சூளைக்காரரும் மஞ்சளாரும் கதவோரம் கைகட்டி நின்றார்கள். மாப்பிள்ளை புதுச் சட்டை போட்டிருந்தார்.

பையை அவிழ்த்து, மூடியைத் திறந்து, வெப்பமானியைச் சொருகினார் மாப்பிள்ளை. பார்த்தார். வெளியே எடுத்து உதறிவிட்டு மறுபடி சொருகினார். அவர் முகம் போன போக்கைப் பார்த்த சூளைக்காரர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். ஆறிவிட்டதா?

"எவ்வளவு?" என்றார் முதலாளியம்மா, எழுதுகோலைப் பலகையில் வைத்தபடி.

"எண்பத்தி ஒண்ணு."

முதலாளியம்மா மேலே எழுதியிருந்த அறுபத்து நான்கைப் பார்த்தார். கீழே எண்பத்தொன்று என்று எழுதினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதாவது இந்தப் பை சூட்டைப் பிடிச்சு வெக்கிறதோட, தானாவும் கொஞ்சம் போட்டுக் குடுக்குது."

எழுதுகோலை மூடினார்.

"அப்போ நமக்கு எரிவாயுவே வேணாமே தம்பி. ரெண்டு ஜன்னல் திரையை வாங்கி மாட்டிட்டா உலகத்துக்கே விடிவு காலம்."

மாப்பிள்ளை வெப்பமானியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளியம்மா டப்பாவைத் தூக்கிப் பார்க்கப் போய், சுட்டு, கையை உதறினார். பேனாவால் சாய்த்து அடியைப் பார்த்தார். அடியில் வட்டமாக ஒரு பளபளப்பு.

"இந்த மஞ்சள் எனக்கு ரொம்பத் தெரிஞ்ச மஞ்சளா இருக்கே. டப்பாவுக்கு எப்போ நம்ம கம்பெனி பெயிண்ட் அடிச்சீங்க?"

எல்லோரும் மஞ்சளாரைப் பார்த்தார்கள். அவர் பெரியதொரு துரோகத்தைச் செய்வதுபோல் கண்ணால் சூளைக்காரரைக் காட்டினார். அவர் காட்டியிருக்கவே வேண்டாம். மாப்பிள்ளை கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தபோதே சூளைக்காரர் இரண்டடி முன்னால் வந்துவிட்டிருந்தார்.

"மாப்ள மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நான்தான். ஒன்பது மணிக்குச் சூளையப் பத்தவெச்சு டப்பாவச் சுட வெக்கிறது நான்தான். இருபத்திரண்டு வருஷமா. அவர் சாப்பிட்டதும் அந்தச் சூடுதான், பைச் சூடு இல்ல. அவரை அனுப்பிடாதீங்க. அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க."

"மூணரை மணி நேரம், ஒரு டப்பாவுக்கா?"

"நாப்பத்தி மூணும்மா. மாப்ளயோடதையும் சேர்த்து."

"நாப்பத்தி நாலு" என்றாள் டீ அக்கா, தட்டை மார்போடு அணைத்தபடி.

சூளைக்காரரே திரும்பிப் பார்த்தார். "அந்த நாப்பத்தி நாலாவது யாரோடது?"

"இந்த அம்மாவோடதுதான். ஆறு வருஷமா நான்தான் கொண்டுவந்து வெல்டிங் ஆளுங்க டப்பாவுக்கு நடுவுல சொருகிட்டுப் போவேன். உங்களுக்கு எங்க தெரியப்போவுது, நீங்க எண்ணவா செஞ்சீங்க?"

முதலாளியம்மா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்காரர் ஆசையாக் கட்டிக் குடுக்குறதாலதான் சூடா இருக்குன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்."

"என் வீட்டுக்காரியும் கைராசின்னு சொன்னா மேடம்" என்றார் மாப்பிள்ளை தன்னையறியாமல்.

சொன்ன மறு நொடி அவர் முகம் மாறியது. மேசையிலிருந்த தன் காகிதத்தைப் பிடுங்கினார். "ஒன்பதுல இருந்து பன்னெண்டரை! மேடு! மாமா, அது மேடு இல்ல, சாப்பாடு!" தொழிற்சாலையே தன்னை ஏமாற்றியதற்கு அவர் கோபப்பட்டிருக்கலாம். அவரோ மாமனாரைக் கட்டிக்கொண்டார். விரலை மடக்கி மடக்கிக் கூட்டினார். "பன்னெண்டரைக்குப் பத்தவெச்சாப் போதும். மூணுல ஒரு பங்கு குறையும் மேடம். நீங்க கேட்டது கால்வாசிதான்!"

"குறையும். நாப்பத்தி நாலு பேர் ஆறின சோத்தைத் தின்னுட்டு என்னைத் திட்டுவாங்க" என்றார் முதலாளியம்மா. அதில் ஒருத்தர் தானே என்பது குரலில் தெரிந்தது.

சூளைக்காரர் தொண்டையைச் செருமினார். "கம்ப்ரசர் ரூம் பின் சுவத்துல ஒரு ஓட்டை இருக்கும்மா. நாள் முழுக்கச் சும்மா அனலைத் தெருவுல கொட்டுது. மழைக்காலத்துல என் சட்டையெல்லாம் அங்கதான் காயும். அந்த வாய்ல ஒரு இரும்பு அலமாரியை வெச்சா..."

"இதை ஏன் மாமா அஞ்சு மாசமாச் சொல்லல?"

"நீங்க சட்டையப் பத்திக் கேக்கவே இல்லையே மாப்ள."

அலமாரி அடுத்த வாரமே வந்தது. நாற்பத்து நான்கு அறை. பல் கூசுகிறவருக்கு ஓரம், வெல்டிங் ஆட்களுக்கு வாய்ப்பக்கம், முதலாளியம்மாவுக்கு அவரே கேட்டுக்கொண்டபடி வெல்டிங் ஆட்களுக்கு நடுவில். சூளை பன்னிரண்டரைவரை குளிர்ந்துபோய்த் தூங்கியது. ஆறாவது மாதம் மாப்பிள்ளை வேலையில் நிலைத்தார். கையெழுத்துப் போடும் முன் அறிக்கையை மாமனாருக்குப் படித்துக் காட்டினார். வீணானதற்குக் காரணம் யார் என்ற இடத்தில் சூளைக்காரர் என்று எழுதியிருந்தது. அதைக் குறைக்க வழி சொன்னவர் யார் என்ற இடத்திலும் சூளைக்காரர் என்றே எழுதியிருந்தது.

"மேல இருக்குறதை மட்டும் அடிச்சிடக் கூடாதா மாப்ள?"

"அதை அடிச்சா கீழ இருக்குறதுக்கு மதிப்பே இல்ல மாமா."

வீட்டில் மகளுக்குத்தான் நஷ்டம். கைராசி என்ற பேச்சை யாரும் எடுப்பதே இல்லை. போதாததற்கு அவள் கட்டித் தருகிற டப்பாவின் மூடியில் மாப்பிள்ளை இப்போது ஒரு சின்ன மீட்டர் ஒட்டியிருக்கிறார்.