குளிசைக்கு அடங்காத கோபம்

திவாகரனுக்குத் தைரொயிட் வியாதி என்று தெரிந்த அன்று அவன் மனைவி சுகிர்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷ அழுகை. கல்யாணமான நாள்முதல் அவள் வாங்கிய அடிக்கும் ஏச்சுக்கும் கழுத்திலிருக்கும் ஒரு சுரப்பிதான் காரணமென்றால், குளிசையோடு எல்லாம் தீர்ந்துபோகும் அல்லவா? டொக்டர் பஸீஹா அப்படி அடித்துச் சொல்லவில்லை. "கோபம் கூடுறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றுதான் சொன்னார். சுகிர்தா தனக்கு வேண்டியதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு விடிந்ததும் குளிசையையும் தண்ணீரையும் அவளே நீட்டினாள். அவன் கத்தினால், "அவரா கத்துறாரு, தைரொயிட் வருத்தம் கத்துது" என்று பக்கத்து வீட்டு ஆஸியா உம்மாவிடம் சமாதானம் சொன்னாள். மாதங்கள் போயின. அவனுக்குக் கைநடுக்கம் நின்றது, உடம்பும் தேறியது. கை நீளுவது மட்டும் நிற்கவில்லை. போன கிழமை, கறியில் உப்புக் கூடிவிட்டதென்று அவன் தள்ளியதில் அலுமாரி மூலை பட்டு அவள் நெற்றி புடைத்துவிட்டது.

"ரிப்போர்ட் எல்லாம் சரியா இருக்கு. போன தடவையும் சரியாத்தான் இருந்திச்சு" என்றார் டொக்டர், கண்டி கிளினிக்கில்.

திவாகரனின் முகம் வாடியது. "இன்னும் கோவம் வருதே டொக்டர். குளிசைய கொஞ்சம் கூட்டிக் குடுங்களேன்."

டொக்டர் சுகிர்தாவின் நெற்றியைப் பார்த்தார். "இதுக்குக் குளிசை இல்ல. கோவத்த அடக்கப் பழக்கிறவங்க இருக்காங்க, எழுதித் தாரேன். ஆனா நீங்கதான் போகணும்."

கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் முணுமுணுத்தான். "இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. வேற டொக்டர்கிட்ட காட்டுவோம்."

"ஏங்க, கடையில முதலாளி உங்கள என்னமா ஏசுறாரு. அவரு மேல ஒரு நாளாவது கை வச்சீங்களா?"

"அது எப்பிடி? வேல போயிருமே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"நான் பன்விலைக்கு, அக்கா வீட்டுக்குப் போறேங்க."

"எப்ப வருவ?"

"தெரியல்ல. நீங்க முதல்ல டொக்டர் சொன்ன எடத்துக்குப் போங்க."

"நீயும் கூட வந்தா..."

"நான் வரல்ல. அலுத்துப்போச்சு."

பன்விலை பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் கீழே நின்று ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. திரும்பிப் பார்க்கலாமென்று தோன்றியது. கழுத்தைத் திருப்பவும் தெம்பில்லை. கொண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்து எழுப்பியபோதுதான் தூங்கிப்போயிருந்தது தெரிந்தது.