அலவத்துகொடயில் பெய்த நிலாவெளி மழை

ஷஹ்மா கலியாணம் முடித்து கடலோர நிலாவெளிக்குப் போன கிழமையிலிருந்து, மலைநாட்டு அலவத்துகொடயில் அவளுடைய ராத்தா, மூத்தவள் ரிப்காவின் வளவுக்குள் மட்டும் நிலாவெளி வானிலைதான். மே மாதம் ஊரே சொட்டச் சொட்ட நனையும்போது ரிப்காவின் முற்றம் காய்ந்து வெடிக்கும். மார்கழியில் பக்கத்து வீட்டில் வெயில் அடிக்க, இவள் வீட்டில் கொட்டோ கொட்டென்று கொட்டும். முதல் வருஷம் ஆட்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் வருஷம் மிளகு காயப்போடக் கொண்டுவந்தார்கள். பிறகு யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, கடல் பார்க்கப் போகிறவர்களைத் தவிர.

அவர்கள்தான் ரிப்காவின் வயிற்றெரிச்சல். அக்குறணையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வேனோடு வந்து இறங்குவார்கள். முற்றத்து மண்ணை மிதித்துப் பார்த்து, "மாஷா அல்லாஹ், நல்ல வெயில் ஈக்கி" என்று சொல்லிவிட்டு ஷஹ்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ஒரு தேத்தண்ணி குடிக்க உட்கார மாட்டார்கள். அவளுக்குக் கடல், அவளுக்கு விருந்தாளி. இவளுக்கு டயர் தடம். சரி, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். உம்மாவைத்தான் பொறுக்க முடியவில்லை. ரிப்காவின் கையால் சோறு தின்று, ரிப்கா தேய்த்துவிடும் எண்ணெயில் முழங்கால் நோவை ஆற்றிக்கொள்ளும் கைரியா உம்மா, சித்திரை கழிந்ததும் ஷஹ்மாவிடம் போகப் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, "மகள், மழ விட்டிட்டா?" என்று நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்.

போன வருஷம் ரிப்கா ஒரு வேலை பார்த்தாள். ஹோஸ் பைப்பைத் தகரக் கூரைமேல் ஏற்றிக் கட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். தகரம் சடசடத்தது.

"பெய்யுது உம்மா, இப்ப கடல் பக்கம் போக ஏலா" என்றாள். நாக்குக் கூசவில்லை.

உம்மா ஜன்னலைப் பார்த்தார். பையை அவிழ்க்கவில்லை. சொந்தக்காரர்களும் ஈர முற்றத்தைப் பார்த்து வேனைத் திருப்பினார்கள். மே போனது, ஜூன் போனது, ஜூலையில் பாதியும் போனது. ரிப்காவுக்கு அப்பாடா என்றிருந்தது.

ஒருநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஷஹ்மா போனில் கோல் எடுத்தாள்.

"ராத்தா, எங்கட ஊட்ல மட்டும் ரெண்டு மாசமா மழ. அடுத்த ஊட்ல கருவாடு காயுது."

"அல்லாஹ்ட மழ. நான் என்ன செய்ய?"

"குளோரின் மணக்குது ராத்தா."

ரிப்காவுக்கு முகம் சுட்டது. இங்கே ஊற்றுவது அங்கேயும் விழும் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏச்சு வரட்டும் என்று போனைக் காதில் வைத்தபடி நின்றாள்.

"எங்கட கெணறு உப்பு. நான் வாளி, பானை எல்லாம் வெச்சுப் புடிச்சுக் குடிக்கிறேன். நம்மட ஊட்டுத் தண்ணி. உம்மாவத்தான் நீங்களே வெச்சிக்கிட்டீங்க, இதையாவது நிப்பாட்டிராதீங்க."

ரிப்கா குந்தியிருந்து அழுதாள். தன்னைப் பார்த்தும் பொறாமைப்பட உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறது என்பது அவளுக்குப் புதுச் செய்தி. மறுநாள் காலை உம்மாவைத் திருகோணமலை பஸ்ஸில், சாரதிக்குப் பின்னால் உள்ள சீட்டில் ஏற்றிவிட்டாள்.

"மழ?" என்றார் உம்மா.

"விட்டிட்டு உம்மா."

ஊர் அதற்கும் பழகிவிட்டது. நிலாவெளிக்குப் போகிறவர்கள் இப்போது வெயிலோடு, ரிப்கா பைப் திறக்கும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு போகிறார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அரை மணித்தியாலம், தங்கச்சியின் வாளிகளுக்காக. பொறாமை போய்விட்டதா என்றால், அது எங்கே போகும்? உம்மா நிலாவெளியில் நன்றாகச் சாப்பிட்டு இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டார் என்று ஷஹ்மா சொன்ன அன்று, ரிப்கா பகல் பதினொரு மணிக்கே, தங்கச்சி வீட்டுக் கொடி நிறைய உடுப்புக் கிடக்கும் நேரம் பார்த்து, பைப்பை முழுதாகத் திறந்துவிட்டாள். ஷஹ்மாவோ, உடுப்பு கிடந்தபடி கிடக்கட்டும் என்று, வாளிகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.