மாமா கொடுத்த சம்மதம்

அக்கா மீன் சந்தையில் ஏலம் கூவுகிறவள். அவள் குரல் எழும்பினால் ஐஸ் பெட்டி இறக்குகிறவன்கூட நின்று திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரல் எழும்புகிற கழுத்தில்தான் கட்டி வந்தது.

பெரிய டாக்டருக்கு அவள் கழுத்து மட்டும்தான் கண்ணில் பட்டது. அதற்கு மேலே இரண்டு காது இருப்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. விவரமெல்லாம் அக்கா புருஷனிடம்தான் சொன்னார். மாமாவும் தன் கழுத்தையே தானம் பண்ணுகிற பெருந்தன்மையோடு தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள், "என்ன சொன்னார்?"

"சின்ன ஆபரேஷன்தான். உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

ஆபரேஷன் அன்று காலை பச்சை அங்கியோடு படுத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா பேச்சுவாக்கில் அவள் வேலையைப் பற்றிக் கேட்டார். அக்கா சொன்னதும் அந்தம்மா முகம் மாறியது.

"கட்டி குரல் நரம்பை ஒட்டித்தான் இருக்கு. குரல் கம்மிப்போகலாம்னு சொன்னாங்கல்ல?"

"யாரும் சொல்லலையே."

பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்கள். நேரங்கெட்ட நேரத்தில் இதென்ன தொல்லை என்ற முகத்தோடு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேனேம்மா."

"அவர் கழுத்தையா அறுக்கப் போறீங்க?"

"சொன்னா நீங்க பயந்துடுவீங்க."

"பயப்படறது என் வேலை டாக்டர், அதை நான் பாத்துக்கறேன். சொல்றது உங்க வேலை."

"இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்லை" என்றார், ஏதோ மெடல் வாங்கினதைச் சொல்வதுபோல.

அக்கா கட்டிலைவிட்டு இறங்கினாள். அங்கி முதுகுப்பக்கம் திறந்து கிடந்தது. நான் போர்வையை எடுத்துச் சுற்றினேன். "மானத்தை வாங்காதடி" என்று மாமா பின்னாலேயே ஓடிவந்தார். முதுகு தெரிய இறங்கியவள் அவள், மானம் போனது இவருக்காம்.

வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் அக்காவை உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார். எடுத்தால் குரல் போகலாம், விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். நடுவில் மாமா வாயைத் திறந்தார். "அவங்க கேட்டு முடிக்கட்டும்" என்று டாக்டர் அடக்கிவிட்டார். அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் யோசித்தாள். பிறகு அவளே போய்ச் சரி என்றாள்.

கட்டி கெட்ட கட்டிதான். முழுசாக எடுத்தாகிவிட்டது. குரல் கம்மிப்போனது. இப்போது கையில் மைக்கை வைத்துக்கொண்டு ஏலம் விடுகிறாள். முதல் நாள் பாதியிலேயே நிறுத்திவிட்டு, ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய் அழுதாள்.

"பெரிய டாக்டர்கிட்டயே பண்ணியிருந்தா குரல் போயிருக்காது" என்று மாமா சொந்தக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார்.

அக்கா காதுக்கு அது வந்தது. "அவர்கிட்ட குரல் போயிருந்தா, ஏன் போச்சுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள், அந்தக் கரகரப்போடு.

போன மாதம் மாமாவுக்கு ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டிவந்தது. ஊசி எங்கே போடுவீங்க, வலிக்குமா, முகம் கோணிடுமா, பக்கத்துப் பல் ஆடுமா என்று டாக்டரை அரைமணி நேரம் குடைந்தெடுத்துவிட்டுத்தான் மகராசன் வாயைத் திறந்தார்.